பழைய வாசலை அடைத்த நாள்

ஆயுத பூஜையன்று லாரி ஓடாது. சங்ககிரி, எடப்பாடிப் பக்கம் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூட இது தெரியும். வண்டி எந்தக் கோடியில் நின்றாலும் எப்படியாவது விரட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்துவிடுவார்கள். ரெண்டு நாள் முன்னதாகவே பேட்டரியைக் கழற்றி வைத்து, தண்ணீர் அடித்து, பெயிண்ட் தொட்டு, முகப்பில் வாழைக்கன்று கட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஒரு அமர்க்களமே நடக்கும். அன்றைக்குப் போய் ஒருத்தர் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்புவார் என்று சொன்னால், போய்யா வேலையைப் பார்த்துக்கொண்டு என்பார்கள். மோனிஷாவும் அப்படித்தான் நினைத்தாள். அந்த ஒரே தைரியத்தில்தான் அவள் அந்த வாசலை அடைத்தாள்.

எந்த வாசல் என்று சொல்லிவிடுகிறேன். மோனிஷா அம்மாபேட்டைப் பெண், இருபத்தேழு வயது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பல் டாக்டர் கிளினிக்கின் மாடியில் ஆறு பேர் வேலை செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். முதலாளி ஆனந்தகுமார் லாரிக் குடும்பத்துப் பிள்ளை. கம்பெனியின் சரக்கு ஒன்றே ஒன்றுதான், அதற்குப் பெயர் 'தடத்துணை'. லாரியில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கைக்கு அடக்கமாக ஒரு பெட்டி மாட்டுவார்கள். வண்டி எங்கே இருக்கிறது என்று அது நிமிஷத்துக்கு ஒரு தரம் சொல்லிக்கொண்டே இருக்கும். வீட்டில் இருக்கிறவர்கள் தங்கள் போனில், வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளியாக வண்டியைப் பார்த்துக்கொள்ளலாம். பெட்டியின் நடுவில் சிவப்பாக ஒரு பட்டன். வழிப்பறியோ விபத்தோ நெஞ்சுவலியோ, டிரைவர் அதை அமுக்கினால் அடுத்த நொடி வீட்டுக்காரிக்கும் கம்பெனிக்கும் போன் அடிக்கும். கம்பெனியில் இருப்பவர்கள் உடனே அந்த ஊர் போலீசையும் ஆம்புலன்சையும் பிடிப்பார்கள். போன வருஷம் நாக்பூர் தாண்டி ஒரு டிரைவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்கினார். அரை மணியில் ஆஸ்பத்திரி. பிழைத்து வந்தவர், மனைவியோடு ஒரு டப்பா அதிரசத்தைத் தூக்கிக்கொண்டு அந்த மாடிப்படி ஏறினார். அன்றைக்கு மோனிஷா அழுதுவிட்டாள்.

பெட்டி பேசுவது கிளவுடோடு என்பார்கள். வானத்தில் ஒரு மண்ணும் கிடையாது. ஏதோ ஒரு ஊரில், பூட்டிய கட்டடத்துக்குள் வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர், அவ்வளவுதான். அதற்கு ஒரு முகவரி, அந்த முகவரியில் நம்பர் போட்ட வாசல்கள். போர்ட் என்று இன்ஜினியர்கள் சொல்லிக்கொள்வது இதைத்தான். வண்டி இருக்கும் இடத்தைச் சொல்ல ஒரு வாசல், சிவப்புப் பட்டனுக்குத் தனியாக இன்னொரு வாசல். எது திறந்திருக்க வேண்டும், எதை அடைக்க வேண்டும், யார் தட்டினால் உள்ளே விடலாம் என்று எழுதிவைப்பது மோனிஷாவின் வேலை. வேலை முடிந்த வாசலைத் திறந்து போட்டு வைக்கக் கூடாது, திருட்டுப் பயல்கள் வந்து தட்டிக்கொண்டே இருப்பார்கள்.

அந்தப் புரட்டாசியில் கம்பெனி புது சர்வருக்கு மாறியது. புது முகவரி, புது வாசல்கள். "இனிமேல் இந்த முகவரிக்குப் பேசு" என்று இருநூற்றுப் பதினாலு லாரிப் பெட்டிகளுக்கும் ஆளுக்கொரு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். வாங்கிக்கொண்ட பெட்டி 'ஓகே' என்று பதில் போடும். எல்லாம் மாறியபின் பழைய முகவரியின் வாசல்களை அடைத்துவிட்டால் கதை முடிந்தது. அடைக்கிறதற்கு நாள் குறித்தது ஆனந்தகுமார்தான்.

"ஆயுத பூஜையன்னிக்கு வெச்சுக்கலாம் மோனிஷா. அன்னிக்கு ஒரு வண்டியும் ரோட்டுல இருக்காது. நாம ஒரு மணி நேரம் சொதப்புனாலும் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது" என்றார்.

நல்ல யோசனைதான், குறை சொல்ல முடியாது. வேற ஊர்க் கம்பெனிக்காரர்கள் இந்த மாதிரி வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை பார்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் அதைவிட நிச்சயமான நாள் இது.

இருநூற்றுப் பதிமூன்று பெட்டிகள் பதில் போட்டுவிட்டன. ஒன்று மட்டும் வாயைத் திறக்கவில்லை. பெயர் தண்டாயுதபாணி, ஊர் எடப்பாடிப் பக்கம், சொந்த வண்டி, டிரைவரும் அவரே. பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் மோனிஷா எடுத்த பட்டியலில் அந்த வண்டி ஊரிலேயே ஒரு பெயிண்ட் பட்டறையில் ரெண்டு நாளாக அசையாமல் நின்றது. பேட்டரியைக் கழற்றியிருப்பார்கள், அதனால்தான் எஸ்.எம்.எஸ். போய்ச் சேரவில்லை. ஒரு நாளில் சேராவிட்டால் அது காலாவதியாகிவிடும். சரி, பூஜை முடிந்ததும் இன்னொரு தரம் அனுப்பிக்கொள்ளலாம் என்று, அந்த வரிக்கு எதிரே 'பட்டறையில்' என்று குறித்து வைத்தாள். அவள் குறித்த நாலு மணி நேரத்தில் தண்டாயுதபாணி பேட்டரியை மாட்டி, அவசர அவசரமாகக் கற்பூரம் காட்டி, ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு சோலாப்பூருக்குக் கிளம்பிவிட்டார். இது அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்கலாம். அதுதான் கொடுமை.

பூஜையன்று காலை ஆபீசில் பொரி, கடலை, சந்தனம், ஊதுபத்தி. பூஜையில் வைத்ததை மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது என்று எல்லோருடைய லேப்டாப்பும் பொட்டு வைத்து மூடியாயிற்று. மோனிஷாவுடையது மட்டும் வேலைக்காகப் பொட்டில்லாமல் வெளியே இருந்தது. அவள் தன் கைப்பட எழுதின வேலைக் குறிப்பில் ஒரு வரி உண்டு: 'அடைக்கும் முன் வரைபடத்தை ஒருமுறை பார்.' பார்த்திருந்தால், கர்நாடகத்தில் சித்ரதுர்கா தாண்டி ஒரே ஒரு புள்ளி பழைய வாசல் வழியாக நகர்ந்துகொண்டிருப்பது கண்ணைக் குத்தியிருக்கும். கீழே பூசணிக்காய் உடைக்கக் கூப்பிட்டார்கள். "மோனிஷாக்கா, வாங்கக்கா" என்று கத்தினார்கள். இன்றைக்கு யார் வண்டி எடுக்கப்போகிறார்கள்? முந்தின நாள் பட்டியலை ஒருதரம் பார்த்தாள், வரைபடத்தைப் பார்க்கவில்லை. பதினொன்று நாலுக்கு ரெண்டு வாசலையும் அடைத்துவிட்டுக் கீழே ஓடினாள்.

மறுநாள் மத்தியானம் செய்தி வந்தது. பெரிய ரோட்டை விட்டு ஒரு கிளை ரோட்டில் போன தண்டாயுதபாணியின் வண்டி, பாலத்துக்குப் பக்கவாட்டில் இறங்கி, கருவேலங்காட்டுப் பள்ளத்தில் கவிழ்ந்திருக்கிறது. மேலே போகிறவர்கள் கண்ணில் படாத பள்ளம். பூஜையன்று சாயங்காலம் அஞ்சு மணிக்கு எருமை மேய்க்கிறவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் ரெண்டு காலும் மாட்டி, உயிர் போயிருந்தது. போலீஸ் தரப்பில் 'ஸ்பாட்டிலேயே' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"பட்டனை அமுத்தவே இல்லையே, பாவம்" என்று ஆபீசில் ஆளாளுக்குப் பேசினார்கள். அந்த வண்டி ரோட்டில் இருந்தது என்று தெரிந்த அந்த நிமிஷமே, தான் என்ன செய்தோம் என்று மோனிஷாவுக்குத் தெரிந்துபோயிற்று. ஆனால் ஸ்பாட்டிலேயே என்றுதானே சொல்கிறார்கள்? அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஸ்பாட்டிலேயே போன மனுஷன் எங்கே பட்டனை அமுக்குவார்? பன்னிரண்டு நாள் அவள் பதிவைத் திறக்கவில்லை.

பதிவு என்று ஒன்று உண்டு. அடைத்த வாசல் யாருக்கும் பதில் சொல்லாது. ஆனால் வந்து தட்டினது யார், எத்தனை மணிக்கு என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளும். முப்பது நாள் வைத்திருந்துவிட்டுத் தானாக அழித்துவிடும். பதின்மூன்றாம் நாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, அதைத் திறந்தாள். சிவப்புப் பட்டனின் வாசல் நம்பரைப் போட்டுத் தேடினாள். அந்த லாரிப் பெட்டிதான் தட்டியிருந்தது. பதினோரு வரி. முதல் வரி மத்தியானம் ஒண்ணு முப்பத்தெட்டு. கடைசி வரி மூணு அம்பத்தெட்டு.

ரெண்டு மணி இருபது நிமிஷம். ஒரு மனுஷன் ரெண்டு மணி இருபது நிமிஷம் கூப்பிட்டிருக்கிறார். அந்த நேரத்தில் அவள் அம்மாபேட்டை வீட்டில் சுண்டல் தின்றுகொண்டு தங்கையோடு சேலைக்குச் சண்டை போட்டாள். அது ஞாபகம் வந்ததும் பாத்ரூமுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

அன்றே ஆனந்தகுமாரிடம் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டு அந்தப் பதினோரு வரியையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருகிட்டயாவது சொன்னியாம்மா?"

"இல்லீங்கண்ணா."

"சொல்லாத. வேண்டாம் சாமி, சொல்லாத. நாள் குறிச்சது நானு. பழி என்மேலயும்தான் இருக்கு, இல்லைங்கல. ஆனா இப்பச் சொல்லி என்ன ஆகப்போவுது? அந்தாளு எந்திரிச்சு வந்துருவாரா? அந்தம்மா ஏதோ மனசத் தேத்திக்கிட்டு இருக்குது. அதுல போயி மண்ணள்ளிப் போடறதா? இந்த ஆறு பேரும் நாளைக்கு நடுத்தெருவுல நிக்கணும். முப்பது நாளானா அது தானா அழிஞ்சிரும். உட்ரு."

அவர் கெட்டவர் இல்லை. சொல்லும்போது அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. மோனிஷா தலையாட்டினாள். ஆனால் தன் இடத்துக்கு வந்து, ஒரு வெள்ளைத்தாளில் பதினோரு நேரத்தையும் பேனாவால் எழுதி, நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அப்புறம் ஒரு வாரம் அந்தக் கைப்பையைத் தூக்கும்போதெல்லாம் கல்லைக் கட்டினதுபோல் கனத்தது. சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. அவர் கூப்பிட்டார் என்பதாவது அந்த வீட்டுக்குத் தெரிய வேண்டாமா என்று ஒரு மனசு. தெரிந்தால் அந்த அம்மா தாங்குவாளா என்று இன்னொரு மனசு. கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை லீவு சொல்லிவிட்டு எடப்பாடி பஸ் ஏறினாள்.

எடப்பாடியில் இறங்கி, டவுன் பஸ் மாறி, விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. பக்கத்து வீட்டு விசைத்தறி சத்தம் தெருவையே அடித்துக்கொண்டிருந்தது. கான்கிரீட் வீடு, முன்னால் லாரி நிறுத்துகிற அகலத்துக்கு வெற்றிடம். கருமாதி முடிந்து பந்தல் பிரித்த குழிகூட இன்னும் மூடவில்லை. வெளியே வந்தவர் தண்டாயுதபாணியின் அண்ணன் தங்கசாமி. கர்நாடகம் போய்த் தம்பியைக் கொண்டு வந்தவர் அவர்தான். கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும் நாற்காலி எடுத்துப் போட்டார்.

"தூங்கிப்போட்டானுங்க. வேற என்ன? நல்லநாளும் அதுவுமா வண்டி எடுக்காதடான்னு தலபாடா அடிச்சுக்கிட்டனுங்க. கேட்டாத்தான?" என்றவர் மேலே பேச முடியாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

தண்டாயுதபாணியின் மனைவி பெரியநாயகி உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்து மூன்று, நாற்பத்து நாலு வயதிருக்கும். வாங்க என்று சொல்லவில்லை, துக்க வீட்டில் சொல்லவும் மாட்டார்கள். தலையை மட்டும் அசைத்தாள். மோனிஷா அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"எங்கூட்டுக்காரரு பாடுபடாமப் போயிட்டாருங்க கண்ணு" என்று அவளே ஆரம்பித்தாள். "போலீஸ்காரங்க எங்க மச்சாண்டார்கிட்டச் சொன்னாங்களாம், கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சுபோச்சுன்னு. உங்க பட்டன அமுத்தக்கூட நேரமில்லீங்களே. அந்த ஒண்ணத்தான் புடிச்சுக்கிட்டு நாளத் தள்ளிட்டிருக்கேன்."

மோனிஷா தன் கைப்பையைப் பார்த்தாள். இவளிடம் மிச்சம் இருப்பது இந்த ஒரு ஆறுதல்தான், அதையும் பிடுங்கிக்கொண்டு போகவா சேலத்திலிருந்து பஸ் ஏறி வந்தோம்? நம் மனசு பாரம் இறங்க வேண்டும் என்று இவள் தலையில் இறக்குவதா? வேண்டாம். ஆனந்தகுமார் அண்ணா சொன்னது சரி. தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம். வாயை மூடிக்கொண்டு சாகிற வரைக்கும் நாமே சுமந்து தொலைக்கலாம். அப்படி முடிவு பண்ணினதும் உடம்பெல்லாம் ஓய்ந்து போயிற்று. ஏதோ ரெண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டுக் கையை ஊன்றி எழுந்தாள்.

"இருங்க கண்ணு" என்றாள் பெரியநாயகி.

எட்டிப் பார்த்து மச்சாண்டார் தங்கசாமி இல்லை என்று தெரிந்துகொண்டு, பீரோவைத் திறந்து, ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தாள். அதற்குள்ளே துண்டு சுற்றி, 'தடத்துணை' பெட்டி. ஒயர் அறுந்து தொங்கியது. பெட்டி முழுக்கச் சுத்தமாக இருந்தது. சிவப்புப் பட்டன் மேல் மட்டும் கறுப்பாகக் காய்ந்த ரத்தம், ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு.

"வாறவங்க போறவங்ககிட்டெல்லாம் பாடுபடாமப் போயிட்டாருன்னுதான் சொல்றேன். அவியளும் அதத்தான் சொல்றாங்க. இத நான் யாருக்கும் காட்டலீங்க. வண்டிய இழுத்துட்டு வந்தன்னிக்கு நானே போய்க் கழட்டிட்டு வந்தேன்." அவள் குரல் இறங்கியது. "நீங்க படிச்ச புள்ள. இந்த ரத்தம் பட்டன்மேல மட்டும் எப்படிங்க வந்துச்சு? அமுத்தாம வருமா? அமுத்துனா எனக்குத்தான மொதல்ல அடிக்கும்? அன்னிக்குப் பூராவும் போன் என் கைய உட்டு எறங்கலீங்க. அடிக்கவே இல்லையே."

மோனிஷா குனிந்து அந்தப் பட்டனைப் பார்த்தாள்.

"அவரு கெளம்பறப்ப நான் வாய உட்டுட்டேனுங்க. பூசையன்னிக்குப் போற வண்டிதான் உனக்குப் பெருசுன்னா வண்டியோடவே இருந்துக்க, ஊட்டுக்கு வராதன்னு சொல்லிப்போட்டேன். இருவத்தோரு வருசத்துல ஒரு நாளும் அவர நீன்னு சொன்னதில்லீங்க. ஒரு பேச்சும் பேசாம எறங்கிப் போனாரு. அதுல மனசு வெறுத்துப்போயி, என் நம்பர அதுலருந்து எடுத்துப்போட்டாரா? எனக்கு அடிக்க வேண்டாம்னு மாத்திப்போட்டாரா? அத மட்டும் சொல்லுங்க. உங்க கம்ப்யூட்டர்ல தெரியும்ல? உங்கள உட்டா நான் யாரப் போயிக் கேப்பேன்?"

அட கடவுளே! இத்தனை நாளும் இவள் இதையா நினைத்துப் பொசுங்கிக்கொண்டிருந்தாள்? மோனிஷாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எழுந்தவள் அப்படியே திரும்ப உட்கார்ந்துவிட்டாள்.

"இல்லீங்க்கா. அவர் மாத்தலை. உங்க நம்பர்தான் இருந்துச்சு. கடைசி வரைக்கும் உங்க நம்பர்தான். அவர் அமுத்தினார்க்கா. நான்தான் அடைச்சுட்டேன். அவர் பட்டனை அமுத்தினா ஒரு இடத்துக்கு வந்து, அங்கிருந்துதான் உங்களுக்குப் போன் வரும். அந்த இடத்தை அன்னிக்குப் பதினோரு மணிக்கு நான் அடைச்சேன். எல்லா வண்டியையும் புது இடத்துக்கு மாத்திட்டோம், அவரோடது மட்டும் மாறலை. வண்டி பட்டறையில நிக்குதுன்னு நெனச்சேன். ஒரு தடவை பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும், பாக்கலை. ஆயுத பூஜைக்கு யாரும் வண்டி எடுக்க மாட்டாங்கன்னு நெனச்சுட்டேன். அவர் கூப்பிட்டது எங்களுக்கும் வரலை, உங்களுக்கும் வரலை. பதினோரு தடவை கூப்பிட்டிருக்கார்க்கா."

விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அடி விழும், முடியைப் பிடித்து வெளியே தள்ளுவாள் என்று மோனிஷா காத்திருந்தாள். விழுந்தால் நல்லது என்றுகூட நினைத்தாள். பெரியநாயகி பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினோரு தடவையா?"

"ஆமாங்க்கா. எத்தனை மணிக்குன்னு எழுதி எடுத்துட்டு வந்திருக்கேன்."

"உங்கள என்ன பண்றதுன்னு அப்பறம் பாக்கறேன். மணியப் படிங்க மொதல்ல."

மோனிஷா தாளைப் பிரித்தாள். "ஒண்ணு முப்பத்தெட்டு."

"பக்கத்து ஊட்டுக்குப் பொரி குடுத்துட்டிருந்தேன்" என்றாள் பெரியநாயகி.

"ஒண்ணு நாப்பத்தொண்ணு."

"அங்கயேதான் நின்னு பேசிட்டிருந்தேன். சிரிச்சுக்கிட்டு நின்னேன், பாவி."

"ஒண்ணு அம்பத்தஞ்சு."

"சோறு உண்டேன்."

"ரெண்டு இருவது."

"படுத்திருந்தேன். போன்ல அவரு புள்ளி பதினோரு மணிக்கே நின்னுபோச்சுங்க. எங்கியோ வண்டிய நிறுத்தி உண்டுட்டுப் படுத்திருக்காருன்னு நெனச்சு, நிம்மதியா நானும் கண்ணசந்தேன்."

அந்தப் புள்ளி நின்றதும் தன் கைவேலைதான் என்று சொல்ல மோனிஷாவுக்கு வாய் வரவில்லை. அடுத்த வரிக்குப் போனாள். "ரெண்டு நாப்பத்தாறு. ரெண்டு நாப்பத்தாறு. ரெண்டு நாப்பத்தேழு."

"என்னது? திருப்பிச் சொல்லுங்க."

"ரெண்டு நாப்பத்தாறுக்கு ரெண்டு தடவைங்க்கா. நாப்பத்தேழுக்கு ஒண்ணு. மூணும் அடுத்தடுத்து."

பெரியநாயகி தன் போனை எடுத்தாள். விரலால் தள்ளித் தள்ளிப் பழைய நாட்களுக்குப் போனாள். ஒரு இடத்தில் நிறுத்தி, போனை மோனிஷாவிடம் நீட்டினாள். ஆயுத பூஜையன்று புருஷன் நம்பருக்கு அவள் கூப்பிட்டது ஒரே ஒரு தரம். மத்தியானம் ரெண்டு நாற்பத்தாறு.

"எந்திரிச்சுப் பாத்தா புள்ளி இன்னும் நகரலை. மனசு கேக்காமக் கூப்புட்டேன். முழுசா அடிச்சு நின்னுச்சு, எடுக்கலை. இன்னும் கோவம் தணியலையாட்ட இருக்குதுன்னு எனக்கும் கோவம். நான் அப்பறம் கூப்புடவே இல்லீங்க. போனு வண்டிக்கு வெளிய புல்லுல கெடந்துச்சாம். கையெட்டற தூரத்துல இல்லையாம். மச்சாண்டாரு சொன்னாரு. அடிச்சது அவருக்குக் கேட்டிருக்குதுங்க. நான்னு தெரிஞ்சிருக்கு. எடுக்க முடியாம, இத அமுத்தியிருக்காரு. மூணு தடவ அமுத்தியிருக்காரு. என் போன எடுத்திருக்காரு கண்ணு, அவரு எடுத்திருக்காரு!"

அதற்கப்புறம் அவள் அழுத அழுகையை மோனிஷாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு, பெட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடி ஆடி அழுதாள். தொடலாமா என்று மோனிஷா கையை நீட்டினாள், தொடுகிற யோக்கியதை தனக்கு இல்லை என்று இழுத்துக்கொண்டாள். அவளும் அழுதாள். யாரும் யாரையும் தேற்றவில்லை.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ, பெரியநாயகி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பெட்டியை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் எத்தனைங்க?"

"நாலுங்க்கா. போதும்க்கா, வேண்டாமே."

"படிங்க. ஒண்ணொண்ணாப் படிங்க."

மோனிஷா தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். எழுத்து கலங்கித் தெரிந்தது.

"மூணு அஞ்சு."

"சொல்லுங்க" என்றாள் பெரியநாயகி. மோனிஷாவைப் பார்த்துச் சொல்லவில்லை.

"மூணு பத்தொம்பது."

"சொல்லுங்க. இருக்கேன்."

"மூணு நாப்பது."

"இங்கதானுங்க இருக்கேன். சொல்லுங்க."

மோனிஷா கடைசி வரியைப் படித்தாள்.

"மூணு அம்பத்தெட்டு."

"சொல்லுங்க" என்று பெரியநாயகி தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். தாளில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை.